தறிக்கூடத்தில் காதுக்கு எது: ஃபோம் அடைப்பானா, இயர்மஃப்பா?

சோமனூர், பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் நாடா (ஊடுநூலைக் குறுக்கே கொண்டு ஓடும் கட்டை) அடிக்கும் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். தினமும் 8 மணி நேரம் கேட்டால் 85 டெசிபலே காதைக் கெடுக்கும். முதலில் கேட்காமல் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையான ஒலிகள். உள்காதின் மயிர்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. பிறகு தறியை விட்டுப் போன் பேசும் வேலைக்கோ, வண்டி ஓட்டவோ போவதும் கடினம்.

ஃபோம் அடைப்பான் மலிவு, வெக்கையிலும் உறுத்தாது. ஆனால் பலர் பாதிதான் செருகுகிறார்கள். கையைக் கழுவி, விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி, 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். நேரெதிரே பார்ப்பவருக்கு அடைப்பான் துருத்திக்கொண்டு தெரிந்தால் சரியாக உட்காரவில்லை. எண்ணெய்க் கையோடு உருட்டினால் காதில் சீழ் பிடிக்கலாம்.

காதை முழுதாக மூடும் மெத்தைக் கிண்ணமான இயர்மஃப் மாட்டுவது சுலபம். ஆனால் வியர்க்கும். மூக்குக்கண்ணாடிக் காம்பு இடையில் புகுந்தால் சத்தமும் புகும். மெத்தை இறுகினால் மாற்றியே ஆக வேண்டும்.

முழு ஷிப்டும் தறியோரம் நிற்பவருக்கு அடைப்பான்தான். அடிக்கடி உள்ளே வெளியே போகும் ஃபிட்டருக்கு இயர்மஃப். எதுவானாலும் சத்தத்துக்குள் கழற்றாதீர்கள்: 30 டெசிபல் குறைக்கும் சாதனத்தை 8 மணி நேரத்தில் அரை மணி கழற்றினாலே, கிடைக்கும் காப்பு சுமார் 12 டெசிபல்தான். காதில் வைக்கும் வெறும் பஞ்சைக் காப்பாகவே எண்ண வேண்டாம்.