போர் தண்ணியும் கோகமிடோப்ரொப்பைல் பீட்டைனும்: சில வருட அனுபவம்

ஷாம்பூ, முகம் கழுவும் ஜெல், குழந்தைக்குப் போடும் பாடி வாஷ், எதைத் திருப்பிப் பார்த்தாலும் பொடி எழுத்தில் கோகமிடோப்ரொப்பைல் பீட்டைன் என்று இருக்கும், அழுக்கெடுத்து நுரை கட்டுகிற பொருள் அது. சில வருடமாக இது இருக்கிறதா என்று பார்த்துத்தான் தலைக்கும் முகத்துக்கும் வாங்குகிறேன். எங்களுக்குப் பெருந்துறைப் பக்கம், குளியல் முழுக்க உப்பேறிய போர் தண்ணியில்தான். அதே நிலைமையில் இருப்பவர்களுக்கு இது உபயோகப்படும்.

இது தேங்காய் எண்ணெயிலிருந்து வருவது என்பது உண்மை. அதற்காக, காங்கேயத்துக் களத்தில் காய்கிற தேங்காய்ப் பருப்பை ஆட்டி அப்படியே பாட்டிலில் ஊற்றிய மாதிரி விளம்பரம் செய்வதை நம்ப வேண்டாம். எண்ணெயின் கொழுப்பு அமிலத்தோடு டைமெதிலமினோப்ரொப்பைலமீன் என்ற அமீனைச் சேர்த்து, அப்புறம் குளோரோஅசிட்டிக் அமில வகையோடு வினைபுரிய வைத்தால்தான் இது கிடைக்கும். அந்த அமீன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

அழுக்கெடுக்கிற எல்லாப் பொருளையும் போல இதன் மூலக்கூறின் வால் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், தலை தண்ணீரைப் பிடிக்கும். ஆனால் இதன் தலையில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு மின்னேற்றமும் ஒன்றாக இருக்கிறது. ஷாம்பூக்களில் வழக்கமாக அழுக்கெடுக்கிற சோடியம் லாரெத் சல்பேட்டுக்கு நெகட்டிவ் மட்டும்தான். இரண்டையும் கலந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டுகொள்கின்றன, தனியாகத் திரிந்து தோலுக்குள் இறங்கும் சல்பேட் குறைகிறது, அதனால் எரிச்சலும் குறைகிறது. சல்பேட் இல்லை என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்கு நான் கூடுதல் காசு தராததற்கு இதுதான் காரணம். சல்பேட்டும் பீட்டைனும் சேர்ந்த சாதாரண ஷாம்பூவே என் தலைக்குப் பதமாக இருக்கிறது.

சோப்பு எங்கள் தண்ணியில் படுகிற பாடு தனி. கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திரியாகிவிடும், பக்கெட் விளிம்பில் வெள்ளையாக ஒட்டியிருப்பது அதுதான், அதுவே முடியிலும் படிந்தால் சீப்பு இறங்காது. பீட்டைன் கலந்த ஷாம்பூவில் அந்தத் திரி கட்டுவதில்லை, நுரையும் பொடிப் பொடியாக நின்று வருகிறது. ஆனாலும் கோயமுத்தூரில் அக்கா வீட்டில் சிறுவாணித் தண்ணியில் அதே ஷாம்பூவைப் போட்டால் பாதி அளவே போதும், முடியும் இன்னும் வழுவழுப்பாக இருக்கும். ஆகவே போர் தண்ணிக்காரர்கள் பட்டியலில் டைசோடியம் ஈடிடிஏ இருக்கிறதா என்றும் பாருங்கள், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அது.

எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் இது சரிப்படாது. சல்பேட் இல்லாமல் பீட்டைனை நம்பிச் செய்த ஷாம்பூக்கள் இரண்டு தடவை போட்டாலும் உச்சியில் பிசுக்கை விட்டுவிடுகின்றன. அன்றைக்கு அரப்புத்தான். அரப்பு இலையின் சப்போனினும் இதே வால், தலை வேலையைத்தான் செய்கிறது, எண்ணெயையும் விடாமல் எடுக்கிறது.

இனி முக்கியமான விஷயம். அண்ணன் சம்சாரம், எங்கள் நங்கையாவுக்கு, இமையிலும் கழுத்திலும் தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்தது, மாதக்கணக்கில் ஓயவில்லை. முகத்துக்குப் போட்டது கண் எரியாது என்று விற்கிற குழந்தை ஜெல். தோல் டாக்டர் சந்தேகப்பட்ட பொருட்களை வைத்த பட்டைகளை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அப்புறம் இன்னொரு தடவை வரச்சொல்லிப் பார்த்தார். கோகமிடோப்ரொப்பைல் பீட்டைன் இடத்தில் தடித்திருந்தது. "பாப்பாவுக்குப் போடறதே எனக்கு ஒத்துக்கலைன்னா நான் எதைத்தானுங்க போடறது?" என்று கேட்டுவிட்டார் நங்கையா.

எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு. எரிச்சல் யாருக்கும் வரலாம், அளவைக் குறைத்தால் குறையும். அலர்ஜி சிலருக்குத்தான், ஆனால் வந்துவிட்டால் துளி போதும். பெரும்பாலும் குற்றவாளி பீட்டைன் அல்ல, தயாரிப்பில் மிச்சமாக நின்றுவிடுகிற மேலே சொன்ன அமீனும், அது கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து நடுவில் உருவாகிற அமிடோஅமீனும்தான். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2004இல் இதை அந்த வருடத்தின் அலர்ஜிப் பொருளாகவே அறிவித்தது. கழுவி விடுகிற பொருள்தானே என்று இமை அரிப்பை மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், பட்டை ஒட்டிப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள்.

நங்கையா இப்போது பீட்டைனுக்குப் பதில் டெசில் குளுக்கோசைடு என்ற அழுக்கெடுக்கும் பொருள் உள்ளதாகப் பார்த்து வாங்குகிறார், இமை தெளிந்துவிட்டது. கோகோ என்று தொடங்குகிற எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை, கோகோ குளுக்கோசைடில் இந்த அமீன் கிடையாது. ஆனால் குளுக்கோசைடுகளுக்கும் அலர்ஜி உள்ளவர்கள் உண்டு, அதனால் புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் சில நாள் தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோகிறார்.