ரேஷன் அரிசியா, கணக்கில் பணமா? இரண்டையும் வாங்கிப் பார்த்த வீட்டிலிருந்து

பாகூர் பக்கம் எங்கள் வீடு, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான சிவப்பு அட்டை. புதுச்சேரியில் ரேஷன் கடையை மூடிவிட்டு அரிசிக்குப் பதில் பணம் போட்ட வருடங்களையும் பார்த்தோம், 2024-இல் கடை மறுபடி திறந்ததையும் பார்த்தோம். என்னைக் கேட்டால் அரிசிதான்.

பணத்தில் எடை குறையாது, புழுத்த அரிசி என்ற பேச்சில்லை, பிடித்த பொன்னியை வாங்கலாம். ஆனால் அரிசி விலை ஏறும்போது அந்தப் பணம் கூடவே ஏறாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது அலைச்சல். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், மெசேஜ் வந்தாலும் படிக்கத் தெரியாது. அதனால் பாஸ்புக்கை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். வங்கியில் வரிசை, பிரிண்டர் ஓடவில்லை என்றால் நாளைக்கு வாங்க என்பார்கள், அன்றைய கூலி போயிற்று. இத்தனையும் பணம் வந்ததா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான், அரிசி வாங்குவது அதற்கப்புறம். கடையில் அப்படியில்லை, தராசிலிருந்து சாக்கில் கொட்டும்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும், குறைந்தால் அங்கேயே நின்று கேட்கலாம்.

இது எங்கள் வீட்டுப் புலம்பல் மட்டுமில்லை. 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும், அடுத்த வருடம் தாத்ரா நகர் ஹவேலியிலும் அரிசிக்குப் பதில் பணம் தரும் இந்தச் சோதனை முயற்சி தொடங்கியபோது, மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்குக்காக ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஆரம்பச் சுற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பணம் வரவில்லை என்றார்கள், அரசுப் பதிவேட்டிலோ கிட்டத்தட்ட எல்லாருக்கும் போய்விட்டதாக இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு மூன்று கணக்கு வைத்திருந்தவர்களுக்கு எதில் விழுந்தது என்றே தெரியாமல் இருந்ததைப் பார்த்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

ஜார்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்திலுள்ள நக்ரியில் நடந்தது இன்னும் கொடுமை. 2017 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், கிலோவுக்கு 31 ரூபாய் கணக்கில் வரும், அதை எடுத்து, கையிலிருந்து ஒரு ரூபாய் சேர்த்து, அதே ரேஷன் கடையில் 32 ரூபாய்க்கு அரிசி வாங்க வேண்டும். முன்பு ஒரு ரூபாய் கொடுத்து வாங்கிய அரிசிதான்! பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் 2018 தொடக்கத்தில் அங்கே கணக்கெடுத்தபோது, நான்கு தவணையில் சராசரியாக இரண்டுதான் வந்திருந்தது, பணத்தை எடுத்து அரிசி வாங்கி முடிக்க ஒரு தடவைக்கு 12 மணி நேரம் ஆனது. 97 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிப்ரவரியில் ஜனங்கள் நக்ரியிலிருந்து ராஞ்சிக்கு நடந்தே போனார்கள், அந்த வருடமே திட்டம் கைவிடப்பட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. நிதி ஆயோக்குக்காக நடந்த அந்த யூனியன் பிரதேச ஆய்வின் கடைசிச் சுற்றில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பணமே மேல் என்றார்கள். ஏடிஎம் பக்கத்திலேயே இருந்து, வேலைக்காக ஊர் மாறிக்கொண்டே இருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். நான் அப்படி வாழ்ந்ததில்லை, அதனால் அவர்கள் சொல்வதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

எந்த அட்டைக்கு எது என்பதை அந்தந்த வீடே சொல்லட்டும், ஒத்துவரவில்லை என்றால் அடுத்த மாதமே மாற்றிக்கொள்ள விடட்டும். அப்புறம், அடுத்த சோதனை முயற்சி எங்கே நடந்தாலும் எத்தனை கணக்கில் பணம் ஏறியது என்பதோடு, அரிசி வீடு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை நாள் கூலி போனது என்பதையும் எழுதிக்கொள்ளட்டும்.