கத்திரி வெயிலில் பிட்ஆக்ஸ் காமா: வேலூர் வீட்டுக்கு ஏற்ற மைனரா?

பிட்ஆக்ஸ் காமா உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைச் சிப் பிட்காயின் மைனர், அதாவது பிட்காயின் பரிசுக்காக ஓயாமல் கணக்குப் போடும் கருவி. ஆன்ட்மைனர் எஸ்21 புரோ என்ற பெரிய மைனரில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் அதே பிஎம்1370 சிப்பில் ஒன்றை மட்டும் சின்ன போர்டில் வைத்து, மேலே ஹீட்சிங்க்கும் ஃபேனும் பூட்டியிருக்கிறார்கள். எஸ்21 புரோ 234 டெராஹேஷுக்கு (ஒரு டெராஹேஷ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்கு முயற்சி) 3510 வாட் இழுக்கும். நாளுக்கு 84 யூனிட். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ குடும்பம் நடத்தும் வீட்டில் அதன் சத்தத்தோடும் சூட்டோடும் யாரும் இருக்க முடியாது. காமாவுக்கு 17 வாட் அளவு போதும். மேசை மேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படிக்கலாம், தூங்கலாம்.

வாங்கலாமா என்றால், மைனிங் ஹார்டுவேரைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கருவி கிடையாது, தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே செருகி மறந்துவிடும் பொருள் இல்லை, அதுவும் நம்ம ஊரில். மார்ச்சிலிருந்து ஜூன் வரை இது சூடாகி நிற்பதற்குச் சிப்பைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் சிப் அல்ல, சிப்புக்குக் கரண்ட் மாற்றிக் கொடுக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டரும் சுவரில் செருகிய அடாப்டரும்தான் முதலில் திணறுகின்றன.

முதலில் ஒரு கணக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த அளவையும் மாற்றக் கூடாது. பிஎம்1370 சிப்பில் 2040 சிறு கோர்கள். சிப்பின் வேகமான மெகாஹெர்ட்ஸை 2.04 ஆல் பெருக்கினால் அந்த வேகத்தில் வர வேண்டிய கிகாஹேஷ் கிடைக்கும் (1000 கிகாஹேஷ் ஒரு டெராஹேஷ்). கம்பெனி செட்டிங்கான 525 மெகாஹெர்ட்ஸில் 1071 கிகாஹேஷ் வர வேண்டும். 490 வைத்தால் கிட்டத்தட்ட சரியாக 1000. 600 வைத்தால் 1224. மைனரின் மென்பொருளான ஆக்ஸ்ஓஎஸ் பக்கத்தில் தெரியும் ஹேஷ்ரேட், அதாவது ஹேஷ் வேகம், நொடிக்கு நொடி ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சராசரியை இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 97 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சிப் நலமாக இருக்கிறது. 90க்குக் கீழே போனால் அந்த வேகத்துக்குக் கொடுத்திருக்கும் மில்லிவோல்ட் போதவில்லை, அல்லது சூடு அதிகம்.

இப்போது சூட்டுக்கு வருவோம். அறையின் சூடு ஒரு டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். ஏசி அறையில் 25 டிகிரியில் 58 காட்டிய அதே மைனர், மொட்டைமாடிக்குக் கீழே 40 டிகிரியில் கொதிக்கும் அறையில் 73 காட்டும். 75ஐத் தாண்டினால் ஆக்ஸ்ஓஎஸ் பாதுகாப்பு நிலைக்குப் போய், வேகத்தையும் வோல்டேஜையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். நாம் செட்டிங்ஸுக்குள் போய்க் கையால் மாற்றும்வரை பழைய வேகம் திரும்பாது. "நேற்று நன்றாக ஓடியது, இன்று ஹேஷ்ரேட்டே இல்லை" என்று கத்திரி வெயில் நாட்களில் வரும் புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். போர்டு கெட்டுப்போகவில்லை; தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபேனைத் தானியங்கியில் விட்டால் அது முதன்மையாகச் சிப்பின் சூட்டைப் பார்த்தே வேகம் கூட்டும், குறைக்கும். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே வெப்பம் கடத்தும் நல்ல பேஸ்ட் போட்டு, பெரிய ஹீட்சிங்க் மாற்றினால் சிப் குளிர்ந்துவிடும். சிப் குளிர்ந்ததால் ஃபேன் மெதுவாகும். ஃபேன் மெதுவானதும் பக்கத்தில் இருக்கும் ரெகுலேட்டருக்குக் காற்று போகாது. சிப் 60இல் நிம்மதியாக இருக்க, விஆர் என்று காட்டும் ரெகுலேட்டரின் சூடு மட்டும் 80, 85 என்று ஏறிக்கொண்டே போகும். காசு செலவழித்து ஹீட்சிங்க் மாற்றியவர்களுக்கே இந்தச் சிக்கல் அதிகம். ரெகுலேட்டர் ஐசி அதைத் தாங்கும். 105 டிகிரியில்தான் மென்பொருள் நிறுத்தும். ஆனாலும் நான்கு மாத வெயிலில் இரவு பகலாக அந்தச் சூட்டில் வைத்தால் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் ஆயுள் குறையும். 75க்குக் கீழே வைத்திருப்பது நல்லது.

வழி எளியது. வெயில் காலத்தில் ஃபேனைத் தானியங்கியிலிருந்து எடுத்து 80 முதல் 100 சதவீதத்தில் நிலையாக வையுங்கள். போர்டின் பின்பக்கத்தில், ரெகுலேட்டருக்கு நேர் பின்னால், இரண்டு மூன்று சின்ன அலுமினிய ஹீட்சிங்க் துண்டுகளை வெப்பம் கடத்தும் டேப்பால் ஒட்டுங்கள். டேப் மின்சாரம் கடத்தாததாக இருக்க வேண்டும், அலுமினிய ஓரம் எந்தச் சால்டர் புள்ளியிலும் படக் கூடாது. பிறகு மைனரைப் படுக்க வைக்காமல் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்துக்கும் காற்று போகும்படி வைத்தால் விஆர் அளவு கண்முன்னே இறங்குவதைப் பார்க்கலாம். பரண், ஷோகேஸ், மேற்கு பார்த்த ஜன்னல் திண்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை இவை எதுவும் இதற்கு இடமில்லை. ஏர்கூலருக்கு நேர் எதிரிலும் வைக்காதீர்கள். குளிர்ச்சியோடு நீர்த்துளியும் வந்து போர்டில் படியும்.

பேஸ்ட் மாற்றும்போது அவசரம் கூடாது. பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே கரண்டை எடுத்துவிட்டுத் திருகுகளைக் கழற்றுங்கள். ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக லேசாகத் திருப்பினால் தானே விடுபடும். உள்ளே கண்ணாடி மாதிரி மின்னும் சிப் தெரியும். அதன் மேல் மூடி எதுவும் இல்லை, நேரடியாகச் சிலிக்கான். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் அதன் மேல் கொண்டுபோகாதீர்கள். பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்துப் பழைய பேஸ்ட்டை ஒற்றி எடுக்க வேண்டும். புதுப் பேஸ்ட் ஒரு அரிசி மணி அளவு போதும். திருகுகளை ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சிப்பின் ஓரம் நொறுங்கும். அதன்பின் அந்த போர்டு வெறும் காட்சிப்பொருள்.

டியூனிங்கை வேகத்தைக் கூட்டுவது என்றே நினைக்கிறார்கள். நம்ம ஊரில் குறைக்கக் கற்பதே பெரிய திறமை. மின்செலவு மெகாஹெர்ட்ஸோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 525 மெகாஹெர்ட்ஸ், 1150 மில்லிவோல்ட் என்பதை 490, 1100 ஆக்கினால் ஹேஷ்ரேட் 7 சதவீதம் குறையும். சிப் தின்னும் கரண்ட் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும். அந்த 15 சதவீதமும் சூடாக வெளியேற வேண்டியது. ஏப்ரல், மே மாதங்களுக்கு இதுவே நாங்கள் பரிந்துரைக்கும் அளவு. இரவிலும் சுவர் சூட்டைக் கக்கும் மாடி அறை என்றால் 400 மெகாஹெர்ட்ஸ், 1060 மில்லிவோல்ட். 816 கிகாஹேஷ்தான் வரும், ஆனால் கரண்ட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம்.

உங்கள் சிப்புக்குரிய எல்லையைக் கண்டுபிடிக்க, வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வோல்டேஜை மட்டும் 10 அல்லது 20 மில்லிவோல்ட் இறக்குங்கள். ஒரு மணி நேரம் பாருங்கள். சராசரி கணக்கோடு ஒத்துப்போனால் இன்னொரு படி. ஹேஷ்ரேட் சரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி மேலே ஏற்றி அங்கேயே விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று தெரியாமல் போகும். ஒரே மாதிரி வாங்கிய இரண்டு மைனர்களுக்கும் எல்லை ஒன்றாக இருக்காது, அதனால் அடுத்தவர் சொன்ன எண்ணை அப்படியே போடாதீர்கள். மார்கழி இரவுகளில் 600 மெகாஹெர்ட்ஸ் வரை ஆசைப்படலாம்; அப்போதும் விஆர் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

அடாப்டர் விஷயத்தில்தான் இந்த மைனரோடு நமக்கு உண்மையான மனக்குறை. காமாவுக்கு 5 வோல்ட் வேண்டும். 17 வாட் என்றால் மூன்றரை ஆம்பியர் தொடர்ந்து ஓடும். 5 வோல்ட், 6 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். மேலே 4 ஆம்பியர் என்று அச்சடித்த மலிவு அடாப்டர்கள் சுமை ஏறியதும் தொய்ந்துவிடும். ஆக்ஸ்ஓஎஸ் பக்கத்தில் உள்ளீட்டு வோல்டேஜைப் பாருங்கள்: 4.9க்கு மேல் நின்றால் நலம், 4.8க்குக் கீழே போனால் மைனர் தானாக அணைந்து அணைந்து எழும், ஹேஷ்ரேட் பூஜ்யத்துக்கும் ஆயிரத்துக்கும் இடையே குதிக்கும். போர்டைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அடாப்டரும் வயரும் கை பொறுக்காத சூடாக இருந்தாலும் அதே முடிவுதான்.

இதைவிடக் கொடியது ஒன்று. காமாவில் செருகும் அடாப்டர் பின்னின் அளவு 5.5க்கு 2.1 மில்லிமீட்டர். வீட்டில் இருக்கும் ஃபைபர் மோடம், கேபிள் செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றின் 12 வோல்ட் அடாப்டர் பலவற்றுக்கும் அதே அளவுப் பின்தான். கச்சிதமாக உள்ளே போகும். போன நொடியில் போர்டு காலி. கரண்ட் போய் வந்ததும் இருட்டில் கைக்குக் கிடைத்த வயரைச் செருகுவது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. இந்தச் சின்னப் பாதுகாப்பை வடிவமைப்பிலேயே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. மைனரின் அடாப்டர் பின்னில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மோடத்திலிருந்து தள்ளி வேறு பிளக்கில் வையுங்கள். யூஎஸ்பி-சி துளை மென்பொருள் ஏற்றுவதற்கு மட்டும்; அதில் சார்ஜர் செருகினால் சிப் ஓடாது.

மற்றவை சில்லறைச் சிக்கல்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்து இணைப்பு விட்டுவிட்டு வந்தால் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள். முதல்முறை ஆன் செய்ததும் மைனர் தன் பெயரில் ஒரு வைஃபை கொடுக்கும். அதில் சேர்ந்து 192.168.4.1 என்று பிரவுசரில் அடித்தால் செட்டிங்ஸ் வரும். பூல் (பல மைனர்கள் இணையும் சர்வர்) முகவரியை stratum+tcp:// என்ற முன்னொட்டு இல்லாமல் வெறும் பெயராகப் போட்டு, போர்ட் எண்ணை அதற்கான கட்டத்தில் தனியாகப் போட வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது இரண்டு கோப்புகள் உண்டு, ஒன்று மைனருக்கு, ஒன்று இணையப் பக்கத்துக்கு. ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு விட்டால் பக்கம் பாதி வெறுமையாக வரும். தூசி அடிக்கும் தெருவில் வீடு என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் வேகமாகச் சுற்றி பேரிங் போகும்.

வருமானத்தைப் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம். 2025இல் உலக பிட்காயின் நெட்வொர்க் 1 செட்டாஹேஷை, அதாவது 100 கோடி டெராஹேஷை, தாண்டியது. அந்த அளவில், 1.07 டெராஹேஷ் வைத்துத் தனியாக ஒரு பிளாக் (பரிசு தரும் பதிவுத் தொகுப்பு) கண்டுபிடிக்கச் சராசரியாக 17,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பங்கு பிரிக்கும் பூலில் சேர்ந்தால், 2024 ஏப்ரல் ஹாவிங்குக்கு (பரிசு பாதியாகும் நிகழ்வு) பிறகான 3.125 பிட்காயின் பரிசுக் கணக்கில், நாளுக்கு 48 சடோஷி அளவு (ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷி). திரையில் தெரியும் 'பெஸ்ட் டிஃபிகல்ட்டி' எண், அதாவது இதுவரை கிடைத்த சிறந்த முயற்சியின் அளவு, எவ்வளவு பெரிதானாலும் அது காசு அல்ல. விற்று லாபம் பார்த்தால் 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி. மைனிங் கருவிக்கும் கரண்டுக்கும் செய்த செலவை அதில் கழிக்க முடியாது.

கரண்ட் பில் நாளுக்கு 0.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 25 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. கேட்கச் சின்னதுதான். ஆனால் 2022 செப்டம்பரில் வந்த நம் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஒரு பள்ளம். அதற்குள் இருந்தால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குப் பாதி விலை என்று வைத்தார்கள். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும். அந்தக் கட்டணப்படி, சலுகை போவதால் மட்டும் 225 ரூபாய் கூடும். அதன்பின் கட்டணம் ஏறியும் இருக்கிறது. ரீடிங் எடுக்க வரும் தேதி நெருங்கி, அந்த இரண்டு மாத உபயோகம் 490 யூனிட்டைத் தாண்டியிருந்தால் மிச்ச நாட்களுக்கு மைனரை அணைத்து வைத்துவிடுங்கள்.