ப்ராப் சமன் செய்ய: காந்த பேலன்சரா, சக்கர பேலன்சரா?

ட்ரோன், மாடல் விமானங்களின் ப்ராப்பில் (சுழலும் விசிறியில்) எந்தப் பிளேடு, அதாவது எந்த இறக்கை, கனம் என்று காட்டும் ப்ராப் பேலன்சர் வாங்கப் போனால் உருப்படியாக இரண்டு ரகம்தான் இருக்கிறது. ஷாஃப்டை இரண்டு பக்கமும் சக்கரங்கள் தாங்குவது ஒன்று. ஷாஃப்டைக் காந்தம் இழுத்து அந்தரத்தில் நிறுத்துவது இன்னொன்று. விரல் நீளத்தில் ஊசிமுனை வைத்த மலிவு சாமான் ஒன்றும் விற்கிறார்கள், அதைப் பேச்சில் சேர்க்கவில்லை. சக்கர ரகத்தை வருஷக்கணக்கில் வைத்திருந்துவிட்டுக் காந்தத்துக்கு மாறியவன் நான். என் சாய்வு காந்தத்தின் பக்கம்தான், இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

5 அங்குல ப்ராப் போட்ட எஃப்பிவி ட்ரோன் (கேமரா காட்சியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவது) மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். அங்கே ப்ராப் என்பது பேட்டரிக்கு ஒன்று, மரக்கிளைக்கு ஒன்று என்று செலவாகிற பொருள். உட்கார்ந்து சமன் செய்து மாட்டியதை அடுத்த நிமிடமே தரையில் தேய்ப்போம். போதாததற்கு 2019இல் அந்த ட்ரோன்களை இயக்கும் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டின் 4.0 பதிப்பு ஆர்பிஎம் ஃபில்டரைக் கொண்டுவந்தது. மோட்டார் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த அலைவரிசையில் வரும் இரைச்சலை மென்பொருளே வடிகட்டிவிடுகிறது. அதிர்வு நிஜத்தில் அப்படியேதான் இருக்கும், பேரிங்கும் அதை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் அந்த அளவு ட்ரோனில் பேரிங் தேய்வதற்கு முன் ஃப்ரேம் உடைந்துவிடும் என்பதுதான் யதார்த்தம்.

நான் எழுதுவது 10 அங்குலமும் அதற்கு மேலும் ப்ராப் போட்டவர்களுக்கு. கேமரா தூக்கும் ட்ரோன், சர்வே ட்ரோன், கிளோ இன்ஜினோ (மெத்தனாலில் ஓடும் குட்டி இன்ஜின்) மின்மோட்டாரோ வைத்த மாடல் விமானம் எல்லாம் இதில் சேர்த்தி. இங்கே ஒரு ப்ராப் மாதக்கணக்கில் ஓடும். அதிர்வு இருந்தால் வீடியோ ஜெல்லி மாதிரி நெளியும், ஸ்க்ரூ கழலும், ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் உயரத்தைப் பிடித்து நிற்கத் தடுமாறும்.

எவ்வளவு எடை வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அங்குல ப்ராப்பில், மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி ஒரு பிளேடில் 0.1 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேலன்சர் மேல் அது தரும் திருப்பம் (ப்ராப்பைச் சுழற்றப் பார்க்கும் விசை) வெறும் 1.2 கிராம்-செ.மீ. அதே ப்ராப்பை நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றினால் அந்த 0.1 கிராம் மோட்டார் ஷாஃப்டைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை சுமார் 8.4 நியூட்டன். முக்கால் கிலோவுக்கும் மேலான ஒரு எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, அதுவும் வினாடிக்கு 133 தடவை திசை மாறி மாறி. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஆக, பேலன்சர் மேல் தூசி மாதிரி தெரிகிற திருப்பத்தைப் பிடிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. மற்ற வித்தியாசங்களெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

சக்கர பேலன்சரின் அடிப்படை யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி வைத்த இரண்டு வட்டுகளின் இடுக்கில் ஷாஃப்டின் ஒரு பக்கம் உட்காரும், மறுபக்கமும் அப்படியே. ஷாஃப்ட் மெலிது, வட்டு பெரிது. ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று வந்தாலும் வட்டு கொஞ்சம்தான் நகரும் என்பதால், வட்டின் அச்சில் உள்ள உராய்வு ஷாஃப்டுக்கு வந்து சேரும்போது பல மடங்கு குறைந்துவிடுகிறது. டியூ-ப்ரோவின் ட்ரூ-ஸ்பின் இந்த வகையில் பெயர் பெற்றது. ப்ராப்பை வைப்பதும் எடுப்பதும் சுலபம், கனமான மர ப்ராப்பையும் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும்.

காந்த ரகத்தில் இரு முனையும் கூரான எஃகு ஷாஃப்ட் இரண்டு காந்தங்களுக்கு நடுவே கிடக்கும். ஒரு முனை ஒரு காந்தத்தைத் தொடும். மறுமுனைக்கும் எதிர்க் காந்தத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி. தொடுவது ஒரே ஒரு புள்ளி, அதுவும் சுழலும் அச்சிலேயே. அங்கே உராய்வு இருந்தாலும் சுழற்சியைத் தடுக்க அதற்குக் கை நீளம் கிடையாது. கனமான ப்ராப் என்றால் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நழுவி விழும்.

புதிதாக வாங்கிய அன்றைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நான் மாறியதற்குக் காரணம் பராமரிப்பு, அது மட்டும்தான்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் வொர்க்‌ஷாப் மேசை மேல் கிடக்கும் எதையும் உப்புக்காற்று விடாது. சக்கர பேலன்சரில் நான்கு வட்டு, நான்கு அச்சு. ஒவ்வொரு அச்சிலும் துரு, தூசி, எப்போதோ விட்ட எண்ணெய் கெட்டியாகிப் பிசுபிசுத்தது, பால்சா மரத்தூள் என்று சேர்ந்துகொண்டே போகும். இதில் ஒரு விஷமம் இருக்கிறது. உராய்வு கூடினால் ப்ராப் எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும். சமனான ப்ராப்பும் எந்த நிலையில் விட்டாலும் அப்படியேதான் நிற்கும். அழுக்கடைந்த சக்கர பேலன்சர் எப்போதும் ‘சரியாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். அது கெட்டுப்போக கெட்டுப்போக உங்கள் ப்ராப்பெல்லாம் நல்லதாகிக்கொண்டே வருகிற மாதிரி தோன்றும்.

காந்த ரகத்திலும் கோளாறு வரும். ஷாஃப்ட் லேசாக வளையலாம், ஷாஃப்டிலேயே காந்தம் ஏறிக்கொள்ளலாம், காந்தத்தின் முகத்தில் இரும்புத்தூள் ஒட்டலாம். இவற்றில் முதல் இரண்டும் எதிர்த்திசையில் பொய் சொல்லும்: நல்ல ப்ராப்பையும் ‘இந்தப் பக்கம் கனம்’ என்று காட்டும். அப்படிப்பட்ட பொய்யைப் பிடிப்பது எளிது. ப்ராப் இல்லாமல் வெறும் ஷாஃப்டைச் சுழற்றிவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நின்றால் கோளாறு ஷாஃப்டில். ப்ராப்பை மாட்டிய பிறகு சந்தேகம் வந்தால், ஷாஃப்டை அசைக்காமல் ப்ராப்பை மட்டும் அரைச் சுற்று திருப்பி இறுக்குங்கள். அதே பிளேடு மறுபடி கீழே வந்தால் ப்ராப்தான் கனம். இப்போது அடுத்த பிளேடு கீழே வந்தால் ஷாஃப்ட். மூன்றாவதான இரும்புத்தூளுக்கு மருந்து, செலோ டேப்பைக் காந்தத்தின் முகத்தில் அழுத்தி உரிப்பது. ஷாஃப்டைத் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு வைத்தால் அதோடு பராமரிப்பு முடிந்தது.

எந்த பேலன்சரானாலும் அதன் கூர்மையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சமனாகி நிற்கும் ப்ராப்பின் ஒரு பிளேடு நுனியில், சாதாரண அகலமுள்ள செலோ டேப்பில் ஒரு செ.மீ. வெட்டி ஒட்டுங்கள். அதன் எடை சுமார் 0.01 கிராம். படுக்கை நிலையில் விட்டால் அந்தப் பிளேடு மெதுவாகவாவது இறங்க வேண்டும். என் காந்த பேலன்சரில் இறங்கும். பழைய சக்கரத்தில், ஏறக்குறைய எந்த நீளத்துக்கு ஒட்டினாலும் யோசித்துக்கொண்டு நிற்கும்.

கூர்மைக்கு ஒரு விலை உண்டு. காந்த பேலன்சர் காற்றுக்கும் அசையும் என்பதால் ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்த வேண்டும். மே மாதத்தில் இது ஒரு தவம்.

சமன் செய்யும் வேலை இரண்டு ரகத்திலும் ஒன்றுதான். பிளாஸ்டிக் ப்ராப்பில் லேசான பிளேடின் அடிப்பக்கத்தில் டேப் ஒட்டுவேன், அல்லது கனமான பிளேடின் அடிப்பக்கத்தை நுனியருகே மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பேன். முன்விளிம்பைத் தொடுவதில்லை. கார்பன் ஃபைபர் என்றால் ஈர உப்புத்தாளும் முகக்கவசமும் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மர ப்ராப்புக்கு லேசான பிளேடில் வார்னிஷ் ஸ்ப்ரே. ஈரமாக இருக்கும்போது காட்டும் எடை காய்ந்ததும் குறைந்துவிடும், அதனால் மறுநாள் மறுபடி பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது ஹப்பை, அதாவது ப்ராப்பின் நடுப்பகுதியை. படுக்கை நிலையில் நிற்கும் ப்ராப்பைச் செங்குத்தாக நிறுத்தினால் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றால் ஹப்பின் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கம் ஒரு சொட்டு ஃபெவிக்விக் போதும். சக்கரத்தில் எனக்கு இந்த ஹப் கனம் கண்ணிலேயே பட்டதில்லை. மையத்துக்கு அவ்வளவு அருகில் இருக்கும் எடை தரும் திருப்பம் ரொம்பச் சின்னது.

மூன்றாவதாக ஒரு கட்சி இருக்கிறது: மேசையில் எதற்கு, மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டே பார் என்பவர்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 15 கிராம் ப்ராப் ஓட்டை பெரிதாகி அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே 0.75 கிராம்-செ.மீ. கோணல் வந்துவிடும். பேலன்சரின் கூம்பு ஓட்டையை மையப்படுத்திவிடுவதால் அது மேசையில் தெரியவே தெரியாது. மோட்டார் பெல்லின் (மோட்டாரின் சுழலும் வெளிக்கூட்டின்) சொந்தக் கோணலும் அப்படித்தான். பெல்லைச் சுற்றி ஒரு கேபிள் டையை மாட்டி, அதன் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அதிர்வு குறைகிற இடத்தில் நிறுத்தும் உத்தி ப்ராப் இல்லாத மோட்டாருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆர்டுபைலட் என்ற மென்பொருள் ஓடும் ட்ரோனில் லாக் (பறத்தலின் பதிவு) எடுத்துப் பார்த்தால் அதிர்வு 30 மீ/வி²க்குக் கீழ் இருப்பது சாதாரணமாகப் போதும், 60ஐத் தாண்டினால் உயரம் பிடிப்பதில் அநேகமாகப் பிரச்சினை வரும் என்று ஆர்டுபைலட்காரர்களே எல்லை கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ப்ராப்பை மாட்டிச் சுற்றிக்கொண்டே அளப்பதை முதல் வழியாக நான் சொல்லமாட்டேன். கட்டிப் போட்ட ட்ரோனில் முழு வேகத்தில் சுற்றும் 10 அங்குல ப்ராப் பக்கத்தில் உட்கார்ந்து டேப் ஒட்டி ஒட்டிப் பார்ப்பது விரலை அடகு வைக்கும் வேலை. தவிர, ப்ராப்பைக் கழற்றி வேறு கோணத்தில் மாட்டினால் செய்த வேலை பாதி வீண். ஹப்பிலும் பெல்லிலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, இரண்டும் நேராக வரும்படி மாட்டினால் ஓரளவு காப்பாற்றலாம். என் வழக்கம், மேசையில் காந்தம், பிறகு ஒரு பறத்தல், லாக் கெட்டதாக இருந்தால் மட்டும் மோட்டார். லாக் கெட்டிருந்து பேலன்சும் சரி என்றால் இரண்டு பிளேடு நுனியும் ஒரே உயரத்தில் போகிறதா என்று பாருங்கள். ஒரு பிளேடு முறுக்கிக்கொண்டிருந்தால் எடை கூட்டிக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

சக்கரத்துக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். பெட்ரோல் இன்ஜினுக்கான 20 அங்குலத்துக்கு மேற்பட்ட மர ப்ராப், ஸ்பின்னரோடு (ப்ராப்பின் நடுவில் மாட்டும் கூம்பு மூடி) சேர்த்து மொத்தமாகச் சமன் செய்வது போன்றவற்றில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. என் காந்தம் அவ்வளவு எடையை நிம்மதியாகத் தாங்காது என்பதைப் பார்த்திருக்கிறேன், அங்கே சக்கரம்தான் வசதி. அந்த அளவில் எடைக்கோணல் தரும் திருப்பமும் பெரிது என்பதால் உராய்வு அவ்வளவாக ஏமாற்றாது என்று நினைக்கிறேன். ஏற்கெனவே சக்கர பேலன்சர் வைத்திருப்பவர்கள் முதலில் அச்சுகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, எண்ணெய் விடாமல் காயவைத்து, மேலே சொன்ன ஒரு செ.மீ. டேப் சோதனையைச் செய்துபாருங்கள். பிளேடு இறங்கினால் இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.