அந்தப் பக்கம் போனால் குறி மாறுமா? சூத்திரத்தைத் திருப்ப நாலு வழிகள்

ஒரு சூத்திரத்தில் நமக்கு வேண்டியதை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க, பிள்ளைகள் கையில் நாலு வழி இருக்கிறது. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த 'பக்கம் மாறினால் குறி மாறும்'. அடுத்தது தராசு முறை, அதாவது சமன்பாட்டின் ரெண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்வது. அப்புறம் முக்கோணம். கடைசியாக, சூத்திரத்தைத் தொடாமல் எண்களை முதலில் போட்டுவிட்டுப் பிறகு சுருக்குவது. கும்பகோணத்தில் டியூஷன் எடுக்கிறேன், நாலையும் வைத்து மார்க் வாங்கியவர்களையும் கோட்டை விட்டவர்களையும் பார்த்தாயிற்று. (இந்த ஊரில் கணக்கு என்று வாயைத் திறந்தாலே ராமானுஜன் வந்து உட்கார்ந்துவிடுவார். இன்றைக்கு அவரை விட்டுவிடுவோம், நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடத்தில் அவருக்கு வேலை இல்லை.)

முக்கோணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மேலே தூரம், கீழே வேகமும் நேரமும், வேண்டியதை விரலால் மூடினால் மிச்சம் இருப்பது விடை. தஞ்சாவூருக்கு 40 கிலோமீட்டர், பஸ் ஒண்ணேகால் மணி நேரம், வேகத்தை மூடு, 40 ÷ 1.25, மணிக்கு 32. ஓம் விதி, அடர்த்தி எல்லாவற்றுக்கும் ஓடும். ஆனால் ஒரு கூட்டல் குறி வந்தால் படுத்துக்கொள்ளும். இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம், இதில் எதை எந்த மூலையில் வைப்பது? மூன்று பெயர், ஒரே பெருக்கல், அவ்வளவுதான் அதன் எல்லை.

எண்ணை முதலில் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரே ஒரு கேள்வி என்றால் அதுதான் சுலபம். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்போதுதான் சிக்கல். மேட்டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி, அதாவது 9,347 கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆவியாவது, அடியில் தங்குவது எல்லாவற்றையும் விட்டுவிட்டால்,

நாட்கள் = கொள்ளளவு ÷ ((திறப்பு − வரத்து) × 86,400)

வரத்தே இல்லாமல் நொடிக்கு 10,000 கன அடி திறந்தால் 108 நாள் வரும். குறுவைக்கு இழுபறிதான். சரி, 120 நாள் ஓட்ட எவ்வளவு வரத்து வேண்டும்? திறப்பு 12,000 ஆனால்? 100 நாள் போதும் என்றால்? எண் போடுகிற பையன் ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து சுருக்கிக்கொண்டு வருவான். ஒருமுறை திருப்பி வைத்தவளுக்கு ஒரு வரி போதும்:

வரத்து = திறப்பு − கொள்ளளவு ÷ (நாட்கள் × 86,400)

முதல் கேள்விக்கு விடை சுமார் 985 கன அடி. மற்றதெல்லாம் கால்குலேட்டர் வேலை.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். போன வருஷம் பாபநாசம் பக்கத்துப் பையன் ஒருவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் வீட்டு நெல் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் ஈரப்பதத்துக்குள் கேட்கிறார்கள், இவர்கள் நெல் 22. அவன் அப்பா போட்ட கணக்கு: 22-ல் 17 போனால் 5, 40 கிலோ மூட்டைக்கு 5 சதவீதம் 2 கிலோ, ஆக மூட்டை 38 கிலோவுக்கு வந்துவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் காயும்போது தண்ணீர்தான் போகிறது, உலர்ந்த பொருள் அப்படியே இருக்கிறது, மொத்த எடையும் கூடவே குறைகிறது. அதனால்,

பின் எடை = முன் எடை × (100 − முன் ஈரம்) ÷ (100 − பின் ஈரம்)

38 கிலோ ஆனபோது ஈரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும், ஆக 'பின் ஈரம்' வெளியே வரணும். அது பின்னத்துக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள்ளே, மைனஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இதைவிட மோசமான இடம் கிடையாது.

பையன் பக்கம் மாற்றும் முறையில் போனான். கீழே இருந்தது மேலே போய்ப் பெருக்கல் ஆயிற்று, 38 கீழே வந்து வகுத்தல் ஆயிற்று, 100 − பின் ஈரம் = 40 × 78 ÷ 38 = 82.1. இதுவரை சரி. அடுத்த வரி, 'நூறு அந்தப் பக்கம் போனா மைனஸ் நூறு சார்', பின் ஈரம் = 82.1 − 100 = −17.9.

"நெல்லுக்கு மைனஸ் ஈரமாடா?"

"மைனஸை எடுத்துடலாம் சார்."

எடுத்துவிட்டால் விடை சரியாக வந்துவிடுகிறது என்பதுதான் கொடுமை. நூறு போனது, பின் ஈரத்துக்கு முன்னால் இருந்த மைனஸ் அங்கேயே நின்றது, அதை அவன் கண் பார்க்கவே இல்லை. இதே ஆள் இன்னொரு கணக்கில் −3 பெருக்கலாக இருப்பதை அந்தப் பக்கம் அனுப்பும்போது, குறி மாறணுமே என்று +3-ஆல் வகுப்பான். அவன் மேல் தப்பில்லை, 'குறி மாறும்' என்ற விதி எது மாறும், எப்போது மாறும் என்று சொல்வதே இல்லை.

தராசு முறையில் அதே கணக்கு: ரெண்டு பக்கத்தையும் (100 − பின் ஈரம்)-ஆல் பெருக்கு. ரெண்டு பக்கத்தையும் பின் எடையால் வகு. ரெண்டு பக்கத்திலும் பின் ஈரத்தைக் கூட்டு, மைனஸ் காணாமல் போய்விடும். ரெண்டு பக்கத்திலிருந்தும் அந்தப் பின்னத்தைக் கழி.

பின் ஈரம் = 100 − முன் எடை × (100 − முன் ஈரம்) ÷ பின் எடை

நாலு வரி நீளம், ஆனால் ஒவ்வொரு வரியிலும் என்ன செய்தாய் என்று கேட்டால் பதில் சொல்லலாம். மூன்றாவது வரி செய்கிற வேலைக்குத்தான் அந்தக் காலத்து அரபு மொழியில் 'அல்-ஜப்ர்' என்று பெயர், கழிபட்டதை ரெண்டு பக்கமும் கூட்டி நிறைவாக்குவது. அல்ஜீப்ரா என்ற வார்த்தையே அதிலிருந்து வந்ததுதான். பக்கம் மாற்றுவது இந்த வரிகளின் சுருக்கெழுத்து, அவ்வளவே. பரீட்சையில் நானே சுருக்கெழுத்தில்தான் போடுவேன், நேரம் முக்கியம். ஆனால் எட்டாம் வகுப்பில் நேராகச் சுருக்கெழுத்தைக் கொடுத்துவிடுகிறோம். தராசில் ரெண்டு மாதம் பழகிய பிள்ளை தானாகவே வரிகளை விழுங்க ஆரம்பிக்கும், அப்போது அதைத் தடுக்கக் கூடாது. மைனஸோ பின்னமோ ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு வந்தால் மட்டும் முழு வரியும் எழுதச் சொல்வேன்.

பையன் அன்றைக்கு ரெண்டாவது முறையிலும் போட்டு 17.9 கொண்டுவந்தான், இந்த முறை மைனஸ் இல்லாமல். அப்புறம் அவனே 17-ஐ உள்ளே வைத்து எடையைக் கண்டுபிடித்தான், 37.6 கிலோ. போனில் அப்பாவிடம், மூட்டைக்கு இன்னும் 400 கிராம் போகணும்ப்பா என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் கட்டின மூட்டையை அவிழ்க்கச் சொல்வது கேட்டது.