இன்ஜினில் 'உஸ்ஸ்' சத்தமா? உடனே ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்

பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறவள் நான். வண்டி 2013 பெரோடுவா மைவி கார். இரவு ஷிஃப்டு என்பதால் கார் இல்லாமல் முடியாது. அந்தக் கட்டாயத்தை வைத்தே ஒரு பட்டறையில் என்னிடம் 2,330 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கறந்துவிட்டார்கள். வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்த வாரம். சிக்னலில் நிற்கும்போது, சைக்கிள் டயரில் காற்று இறங்குவதுபோல பானட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் குறைந்துவிடும். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் 700க்கும் 1,200க்கும் இடையே ஏறி இறங்கும். இரண்டு நாளில் இன்ஜின் விளக்கும் எரிந்தது.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். முதலாளி நம்மவர்தான். ஸ்கேனரைச் செருகினார், பி0171 என்று ஒரு கோளாறு எண் வந்தது. இரண்டு நிமிடம்கூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. "த்ரோட்டல் பாடி போயிடுச்சுக்கா. பாலத்து நடுவுல வண்டி ஆஃப் ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம் அது. 480 வெள்ளி. அன்று விளக்கு அணைந்திருந்தது, சத்தம் மட்டும் அப்படியே. மூன்றாம் நாள் விளக்கும் திரும்பி வந்தது. மறுபடி போனேன். "அப்போ ஹெட் கேஸ்கட்தான். ஹெட்டைக் கழற்றி வால்வு எல்லாம் பார்த்துடலாம்" என்றார். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி, அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட். 1,850 வெள்ளி, நான்கு நாள். வண்டியை எடுக்கும்போதும் அதே 'உஸ்ஸ்'. கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று பதில். ரசீதில் 'இன்ஜின் வேலை' என்ற ஒரே வரி. கழற்றிய சாமானைக் கேட்டேன், வீசிவிட்டார்களாம்.

பக்கத்து வீட்டு மாமா முப்பது வருடம் பஸ் பட்டறையில் இருந்தவர். அவரிடம் முதலிலேயே காட்டாமல் போனேனே என்று இன்னும் மனம் ஆறவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி எடுத்தார். ஒரு முனை காதில், மறுமுனையை ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டத்தில் வைத்து ஒவ்வொரு இடமாக நகர்த்திக்கொண்டே வந்தார். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் கை நின்றது. "நீயே கேளும்மா" என்று குழாயை நீட்டினார். காதுக்குள் பாம்பு சீறுவதுபோல இருந்தது.

இன்ஜினின் மேல் மூடியான வால்வ் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்கு, இன்ஜினுக்குள் சேரும் வாயுவைக் கொண்டுபோகும் பி.சி.வி. குழாய். சூட்டில் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது. வளைவின் அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நகத்தளவு விரிசல். மாமா அதில் விரலை வைத்து அழுத்தியதும் சத்தம் நின்றது, முள் 750இல் அசையாமல் நின்றது. புதுக் குழாய் 18 வெள்ளி.

அப்புறம்தான் பெரிய அதிர்ச்சி. ரேடியேட்டரில் பழைய துருநிறத் தண்ணீர் அப்படியே இருந்தது. ஹெட்டைக் கழற்றினால் கூலண்டை (ரேடியேட்டர் தண்ணீரை) இறக்காமல் முடியாது. வால்வ் கவர் போல்ட்டுகளில் பல வருட எண்ணெய் அழுக்கு, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. செய்யாத வேலைக்கு 1,850 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, த்ரோட்டல் ஏறக்குறைய மூடியிருக்கும், இன்ஜின் காற்றை வலுவாக உறிஞ்சும். அப்போது குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும். பெட்ரோலுக்குக் காற்று அதிகமாகிவிடும், அதைத்தான் பி0171 சொல்கிறது. எந்தச் சாமான் கெட்டது என்று அந்த எண் சொல்லாது. த்ரோட்டல் திறந்ததும் உறிஞ்சல் குறைவதால் சத்தமும் குறையும்.

எல்லாச் சீறலும் இதுவே அல்ல. பிரேக் மிதிக்கும்போது காலடியில் சீறி, பெடலும் கல் மாதிரி இருந்தால் பெடலை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரையோ அதன் குழாயையோ பார்க்க வேண்டும். அந்த வண்டியைத் தயவுசெய்து ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இன்ஜினை நிறுத்திய பிறகு சீறலும் இனிப்பு வாசனையும் வந்தால் கூலண்ட் கசிகிறது, சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. ஏர்கோன் போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தியதும் கொஞ்ச நேரம் மெல்லிய 'உஸ்' வருவது சாதாரணம், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

பட்டறையில் சோப்புத் தண்ணீர் தெளித்தோ புகை விட்டோ ஓட்டை எங்கே என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் எதையும் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். விலையை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். "செஞ்ச வேலைக்குத்தானே காசு வாங்கினோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்துவிட்டேன். 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த விரிசல் குழாய், ஒரு வரி ரசீது, துருத் தண்ணீரின் படம் மூன்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன். மாமாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.