தென்சென்னையில் ஒரு வீட்டு நிர்வாகச் சேவை: நிர்வாகத்தில் நிறைவு, கடன் ஆலோசனையில் குறை

மடிப்பாக்கத்தில் வீட்டுக்கடனில் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட்டை, கோயம்புத்தூரில் இருந்துகொண்டு என்னால் கவனிக்க இயலாது என்பதால், அந்தப் பொறுப்பைத் தென்சென்னையில் இயங்கும் ஒரு நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறேன். குடிவருபவரைத் தேடித் தருவதற்கு ஒரு மாத வாடகையும், அதன்பின் மாதந்தோறும் வாடகையில் 8 சதவீதமும் கட்டணம். வேலையின் தரத்தைப் பார்க்கும்போது இது நியாயமான தொகை என்பதே என் கருத்து.

ஒப்பந்த விஷயத்தில் இவர்கள் காட்டிய கண்டிப்பை முதலில் பாராட்ட வேண்டும். 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் அதன் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பணத்துக்கும் பொதுவாக மூன்று மாத வாடகையை அளவாக வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு முத்திரைத்தாளோடு முடித்துவிடலாம் என்று தரகர் ஒருவர் சொன்னபோது, அதற்கு இடமில்லை என்று மறுத்துப் பதிவு எண் வரும்வரை சாவியைக் கொடுக்காமல் இருந்தவர்கள் இவர்கள்தாம்.

குடிவரும் நாளில் மின் மீட்டரின் அளவு, மின்விசிறிகள், கெய்சர், பூட்டுகள் என ஒவ்வொன்றையும் படம் எடுத்து அறிக்கையாக்குகிறார்கள். சென்ற முறை வீடு காலியானபோது, சமையலறை சிங்க்கின் கீழுள்ள அலமாரியின் பிளைவுட் ஊறி உப்பியிருந்தது. பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தால், குடிவந்த அன்றே குழாய் இணைப்பில் ஈரம் கசிந்திருப்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதனால் அந்தக் குடும்பத்தின் முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல் திருப்பித் தர முடிந்தது. வீட்டு உரிமையாளரிடம் கட்டணம் வாங்கும் நிறுவனம், குடியிருப்பவருக்கும் நேர்மையாக நடந்துகொண்டது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது.

மாநகராட்சிச் சொத்து வரியையும் அரையாண்டின் தொடக்கத்திலேயே கட்டி, 5 சதவீத ஊக்கத்தொகையைப் பெற்றுத் தந்துவிடுகிறார்கள். பழுதுபார்ப்பு ரசீதுகளைத்தான் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

குறை எல்லாம் இவர்களின் கடன் ஆலோசனைப் பிரிவில் இருக்கிறது. இரண்டாவது ஃபிளாட் வாங்கச் சொல்லி எனக்குக் கொடுத்த கணக்குத் தாளில், 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுக் காலம் என்று போட்டு, மாதத் தவணையில் பெரும்பகுதியை வாடகையே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார்கள். இந்தக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். அவர்களே எதிர்பார்க்கும் வாடகையோ 18,000. முதல் ஆண்டின் வட்டி மட்டுமே ஏறத்தாழ 3,37,000 ரூபாய் என்றிருக்க, ஆண்டு முழுவதும் ஒரு மாதமும் காலியாக இல்லாமல் வாடகை வந்தாலும் 2,16,000தான் கிடைக்கும். மறுவிற்பனை வீடானால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 4.5 லட்சம், வங்கி பொதுவாக இதைக் கடனில் சேர்க்காது என்பதால், கையிலிருந்து போட வேண்டியது 10 லட்சமல்ல, 14.5 லட்சம். தாளில் இது இல்லவே இல்லை.

வருமான வரிப் பகுதி இன்னும் கவலை தருவது. வாடகையில் 30 சதவீதத்தையும் வட்டியையும் கழித்தபின் வரும் இழப்பை, ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பள வருமானத்தில் ஈடுசெய்யலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறார்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே அது பொருந்தும். 2023-24 முதல் இயல்பான முறையாகிவிட்ட புதிய வரி முறையில் அந்த ஈடு கிடைக்காது. ஓய்வூதியப் பணத்தை நம்பி இந்தத் தாளில் கையெழுத்திடும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை இவர்கள் உணர வேண்டும்.

ஆகவே வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ள இவர்களைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்; கடனுக்கு நேரடியாக வங்கிக்கே செல்லுங்கள். கடன் விண்ணப்பத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழுது ரசீதுகளை மாத அறிக்கையுடனேயே இணைக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து நிர்வாக ஒப்பந்தத்தை மட்டும் புதுப்பித்திருக்கிறேன்.